வாழ்நாள் பியானோ தொகுப்பு ஒன்றை உட்கார்ந்து கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கலைஞர் முப்பது நாற்பது வருடங்களாகத் தனியாகப் பியானோவில் வாசித்ததையெல்லாம் சேர்த்து ஏழெட்டு சிடிகளாகவோ, ஆறு மணி நேரம் ஓடும் ஒரே பட்டியலாகவோ வெளியிடுவது உண்டு. அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஆரம்பிப்பது என்று விழிக்கிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் வாசிப்பவன் இல்லை, கேட்பவன். பதில்களும் கேட்கிறவன் பக்கத்திலிருந்துதான்.

அமைதியான தனிப் பியானோ இசை என்று எதைச் சொல்கிறீர்கள்?

கறாரான வரையறை கிடையாது. ஒரு பியானோ, ஓர் ஆள். வேகம் குறைவு, சுரங்களும் குறைவு, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே இடம் தாராளம். விரல் சாமர்த்தியத்தைக் காட்டுவதற்காக வாசிப்பதில்லை. பலரும் முதலில் கைகாட்டுவது பிரெஞ்சுக்காரர் எரிக் சாட்டி 1888இல் எழுதிய மூன்று ஜிம்னோபெடிகளை. மூன்றுக்கும் வேகக் குறிப்பு 'மெதுவாக' என்றுதான் தொடங்குகிறது: முதலாவது வலியோடு, இரண்டாவது சோகத்தோடு, மூன்றாவது கனத்தோடு. இதே குணத்தை ஸ்பெயினின் ஃபெடரிகோ மோம்போவிடம் கேட்கலாம், ஜாஸ் பக்கம் பில் எவான்ஸ், கீத் ஜாரெட் ஆகியோரின் தனி வாசிப்பில் கேட்கலாம், ஹரால்ட் பட் போன்றவர்களின் ஆம்பியன்ட் (சூழலோடு கலந்து ஒலிக்கும்) இசையிலும் கேட்கலாம். 'நியூ ஏஜ்', 'நியோ கிளாசிக்கல்' என்று உறையில் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் கண்டுகொள்ள வேண்டாம். அது விற்கிறவர்களுக்கு வேண்டியது.

நல்லதாகப் பத்து உருப்படி பொறுக்கிக் கேட்டால் போதாதா? முழுத் தொகுப்பு எதற்கு?

போதும். தொகுப்பு கூடுதலாகத் தருவது வேறு ஒன்று: ஒரு கை வயதாவதைக் கேட்கலாம். படபடவென்று ஓடும் இசையில் அது அவ்வளவாகப் பிடிபடாது. மெதுவான இசையில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரு சுரத்தை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் முன் 25 வயதில் எவ்வளவு பொறுத்தார், 60 வயதில் எவ்வளவு பொறுக்கிறார் என்பது பச்சையாகத் தெரிந்துவிடும்.

தொகுப்பில் இரண்டு வகை உண்டு. உறையைத் திருப்பி எது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். வெவ்வேறு வயதில் பதிவு செய்ததைச் சேர்த்தது ஒரு வகை. வெவ்வேறு வயதில் எழுதியதை ஒரே காலத்தில் உட்கார்ந்து வாசித்தது இன்னொரு வகை.

மோம்போவின் தொகுப்பு இரண்டாவது வகை. 1893இல் பார்சிலோனாவில் பிறந்தவர், 1987 வரை இருந்தார். 1974இல், 80 வயதைத் தாண்டியபின், தன் பியானோ படைப்புகளைத் தானே வாசித்துப் பதிவு செய்தார். 18 வயதில் எழுதத் தொடங்கிய 'இம்ப்ரெசியோனெஸ் இன்டிமாஸ்' அதில் இருக்கிறது. 1959க்கும் 1967க்கும் இடையில் நான்கு தொகுதிகளாக வந்த 28 சிற்றுருப்படிகள் கொண்ட 'மூசிகா கயாதா'வும் இருக்கிறது. 'மௌன இசை' என்று பொருள். ஸ்பானியத் துறவிக் கவி சிலுவை யோவானின் வரியிலிருந்து எடுத்த பெயர். பதினெட்டு வயதுப் பையனின் ஏக்கத்தை எண்பது வயதுக் கை வாசிப்பதைக் கேட்பது விசித்திரமான அனுபவம். அவர் அதை நினைத்துப் பார்க்கிறாரா, இல்லை இன்னமும் அதே ஏக்கத்தில் இருக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. இதே உருப்படிகளை இன்னும் சுத்தமாக வாசித்தவர்கள் உண்டு. நான் திரும்பத் திரும்பப் போவது கிழவரிடம்தான்.

முதல் வட்டிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டுமா?

வேண்டாம் என்பேன். முதல் வட்டில் பெரும்பாலும் ஒருவர் தன்னைத் தேடிக்கொண்டிருப்பார், தனக்குப் பிடித்தவர்களின் சாயல் தூக்கலாக இருக்கும். அதிலேயே ஆர்வம் வடிந்து பெட்டியை மூடிவிட்டவர்களை எனக்குத் தெரியும். நான் நடுவில் ஒன்றை எடுத்து, ஒரு வாரம் அதோடு மட்டும் இருப்பேன். அப்புறம் கடைசி வட்டு. கடைசியில்தான் முதல் வட்டு. முடிவு தெரிந்தபின் ஆரம்பத்தைக் கேட்டால், அங்கே தட்டுத்தடுமாறிய ஏதோ ஒரு சின்ன இசைத்துணுக்கு பிற்பாடு அவருடைய கையெழுத்தாகவே ஆகியிருப்பது தெரியவரும். கால வரிசைப்படி கேட்பது இரண்டாவது சுற்றுக்கு நல்லது.

ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்கலாம்?

பழைய எல்பி தட்டின் ஒரு பக்கம் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடும். அந்த அளவு தற்செயலாக அமைந்தது என்றாலும் காதுக்கு அதுவே சரியான படி. என் முதல் பெட்டியில் ஆறு வட்டு. ஒரு விடுமுறை நாளில், புத்தக அலமாரியை அடுக்கிக்கொண்டே ஆறையும் ஓட்டி முடித்தேன். சாயங்காலம் அலமாரி சுத்தமாக இருந்தது. ஒரு உருப்படிகூட நினைவில் இல்லை.

எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே! மூன்றாவது வட்டுக்குமேல் எதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

அதிகம் வரும் கேள்வி இது. நியாயமானதும்கூட. மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். இந்த இசையில் நடப்பதில் பாதி, சுரம் அடிக்கப்பட்ட பிறகு நடக்கிறது.

கட்டையை அழுத்தினால் உள்ளே ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) போர்த்திய சுத்தியல் ஒன்று கம்பியை அடித்துவிட்டு உடனே விலகிவிடும். அந்தக் கணத்திலிருந்து சுரம் தேயத் தொடங்குகிறது. சீராகவும் தேய்வதில்லை. நடு, மேல் ஸ்தாயிகளில் ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று கம்பிகள். அவை ஒன்றையொன்று பாதித்துக்கொண்டு அதிர்வதால், முதலில் சடாரென்று ஒரு இறக்கம், பிறகு மெல்லிய ஓசையாக நீண்ட இழுவை என்று இரண்டு கட்டமாகத் தேயும். கீழ்க் கம்பிகள் இருபது முப்பது நொடிகூட ரீங்கரிக்கும். உச்சிச் சுரங்கள் 'டிக்' என்று முடிந்துவிடும். வலது பெடலை மிதித்தால் கம்பிகளை அமுக்கிப் பிடிக்கும் அடைப்பான்கள் எல்லாம் ஒருசேர எழும்பிவிடும், அடிக்காத கம்பிகளும் ஒத்ததிர்ந்து சேர்ந்துகொள்ளும்.

எங்காவது உண்மையான பியானோ கைக்குக் கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். நடுவிலிருக்கும் ஒரு கட்டையைச் சத்தமே வராதபடி மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே சுரத்தின் ஒரு ஸ்தாயி மேலே உள்ள கட்டையைச் சட்டென்று ஒரு தட்டு தட்டிக் கையை எடுத்துவிடுங்கள். தட்டிய கம்பி அடங்கிவிட்டது. ஆனால் மேல் சுரம் இன்னும் லேசாகக் கேட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் அடிக்கவே இல்லாத கீழ்க்கம்பி அதைப் பாடிக்கொண்டிருக்கிறது. பிடித்திருந்த கட்டையை விட்டால் அதுவும் நிற்கும். இதை ஒருமுறை செய்து பார்த்தவருக்கு அதன்பின் இந்த வகை இசை ஒன்றுபோல் கேட்பதில்லை.

சாட்டியின் முதல் ஜிம்னோபெடியையே எடுத்துக்கொள்ளுங்கள். இடது கை செய்வது இவ்வளவுதான்: கீழே ஒரு சுரம், மேலே ஒரு கூட்டுச்சுரம் (ஒன்றாக அடிக்கும் சில சுரங்கள்). மறுபடி வேறொரு கீழ்ச்சுரம், வேறொரு கூட்டுச்சுரம். இந்த இரண்டும் ஊஞ்சல் மாதிரி மாறி மாறி வரும். நாலு தாளக்கட்டு இப்படியே போனபின், ஐந்தாவதில்தான் மெட்டு உள்ளே வருகிறது, அதுவும் முதல் அடியை விட்டுவிட்டு இரண்டாவது அடியில். ஒரே உருப்படியை மூன்று பேர் வாசிக்கக் கேட்டுப்பாருங்கள். ஒருவர் பெடலை ஒவ்வொரு தாளக்கட்டுக்கும் மாற்றுவார், இன்னொருவர் பழைய ஓசை புதியதோடு கொஞ்சம் கலக்கட்டும் என்று விட்டுவைப்பார். காகிதத்தில் சுரங்கள் ஒன்றே. காதில் வெவ்வேறு அறைகள்.

மோம்போ விஷயத்தில் இன்னொரு சுவாரசியம். அவருடைய தாய்வழிக் குடும்பம் கோயில் மணி வார்க்கும் பட்டறை நடத்தியது. மணியோசையில் வளர்ந்த ஆள் எழுதிய கூட்டுச்சுரங்களை இந்தத் தகவலோடு கேட்டால், அடித்த கணத்தைவிட அதற்குப் பின்னால் வரும் முழக்கத்துக்காகவே அவற்றை எழுதினாரோ என்று தோன்றும்.

கமகத்தில் ஊறிய காது. பியானோ கட்டை கட்டையாகக் கேட்கிறது. என்ன செய்ய?

உண்மையை மறைப்பானேன், கட்டைதான். வீணையில் மீட்டிய பிறகும் கம்பியை இழுத்துச் சுரத்தை வளைக்கலாம். வயலினில் வில் ஓடும்வரை கார்வை நிற்கும். பியானோவில் அடித்தபின் சுரத்தை வளைக்கவும் முடியாது, வளர்க்கவும் முடியாது. எப்போது விடுவது என்பது ஒன்றுதான் வாசிப்பவர் கையில் மிச்சம். அதனால் கமகத்தைத் தேட வேண்டாம், விடுகிற இடத்தைக் கவனியுங்கள். ஆலாபனையில் ஒரு பிடியைப் பாடிவிட்டு வித்வான் நிறுத்துகிறாரே, அந்த நிறுத்தலை ரசிக்கத் தெரிந்த காதுக்கு இது புதிதே இல்லை.

வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிடலாமா?

தாராளமாக. இது கலைக்குச் செய்யும் துரோகம் என்று யாராவது சொன்னால் சாட்டியின் கதையைச் சொல்லுங்கள். 1920இல் பாரிஸில் ஒரு நிகழ்ச்சி, இடைவேளையில் வாசிக்கவென்றே 'தளவாட இசை' என்று ஒன்றை எழுதியிருந்தார். நாற்காலி மேசை மாதிரி அது பாட்டுக்கு அறையில் இருக்க வேண்டும், யாரும் கவனிக்கக் கூடாது என்பது யோசனை. இசை தொடங்கியதும் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சாட்டி கூட்டத்துக்குள் அலைந்து, பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள் என்று கெஞ்சினாராம். 1978இல் ஆங்கிலேய இசைக் கலைஞர் பிரையன் ஈனோ தன் 'ஆம்பியன்ட்' வரிசையின் முதல் ஆல்பத்தின் குறிப்பில் எழுதியதும் கிட்டத்தட்ட இதன் தொடர்ச்சி: கவனித்தாலும் சுவை இருக்க வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் உறுத்தக் கூடாது.

என் வழக்கம் ஒன்று: பின்னணிக்கு, ஏற்கெனவே உட்கார்ந்து கேட்ட வட்டைத்தான் போடுவேன். கேட்காத வட்டைப் பின்னணியில் செலவழித்துவிட்டால் அப்புறம் அதை முதல்முறையாகக் கேட்க முடியாது.

கேட்கும்போது தூங்கிவிடுகிறேன்.

தூங்குங்கள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து கேட்டால் ஆயிற்று.

ஸ்பீக்கரா, ஹெட்போனா? சத்தம் எவ்வளவு?

முடிந்தால் ஸ்பீக்கர். பியானோ ஓர் அறையில் ஒலிக்கும் வாத்தியம், அது தலைக்குள் ஒலிப்பது கொஞ்சம் செயற்கை. ஆனால் மின்விசிறி சத்தத்தோடு போட்டிபோட வேண்டிய அறை என்றால் ஹெட்போனே மேல். சுரத்தின் வால் பகுதி கேட்காவிட்டால் பாதி இசை போயிற்று.

சத்தத்தை முடிவு செய்ய எளிய வழி உண்டு. அந்த வட்டிலேயே உரக்க வாசித்திருக்கும் ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, பக்கத்து அறையில் நிஜமாக யாரோ வாசிப்பது போன்ற அளவில் வையுங்கள். பிறகு மெல்லிய இடங்கள் வரும்போது கை துறுதுறுக்கும், கூட்டாதீர்கள். மெல்லியது மெல்லியதாகவே இருக்கட்டும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் தரம் குறையுமா?

தரத்தைவிட, செயலிகளில் இருக்கும் மூன்று வசதிகள்தான் இந்த இசைக்கு எமன். ஒன்று, வரிசையைக் குலுக்கிப் போடும் ஷஃபிள். இன்னொன்று, ஒரு டிராக் முடியும்போதே அடுத்ததை மேலே ஏற்றிவிடும் கிராஸ்ஃபேட். மௌனத்தை நம்பி எழுதிய உருப்படியின் கடைசிச் சுரத்தின்மேல் அடுத்ததன் முதல் சுரம் வந்து உட்காரும். மூன்றாவது, தொகுப்பு முடிந்ததும் 'இதையும் கேளுங்கள்' என்று யாருடைய பாட்டையோ தானாக ஓடவிடும் ஆட்டோபிளே. மூன்றையும் அணைத்துவிடுங்கள். எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குச் சமன் செய்யும் வசதி இருந்தால் அதையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். மற்றபடி, செயலி தரும் உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். மிகக் குறைந்த தரத்தில் கட்டையின் அடி மழுங்குவது பியானோவில் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

பழைய வட்டுகளில் 'உஸ்' என்ற இரைச்சல் வருகிறது. புதிய ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியைச் சீர்செய்த மறுபதிப்பு) நல்லதா?

காந்த நாடாவில் பதிந்ததில் அந்த இரைச்சல் இருக்கத்தான் செய்யும். இரண்டு நிமிடத்தில் காது அதைத் தள்ளிவைத்துவிடும். ரீமாஸ்டரில் பார்க்க வேண்டியது கடைசிச் சுரம். இரைச்சலை அளவுக்கு மீறித் துடைத்திருந்தால், தேய்ந்துகொண்டே போகும் சுரம் இயல்பாக அடங்காமல் யாரோ கதவைச் சாத்தியதுபோல நின்றுவிடும். அப்படி இருந்தால் பழைய பதிப்பே மேல்.

வாசிப்பவர் முனகுவதும் நாற்காலி கிறீச்சிடுவதும் கேட்கிறது. பதிவுக் கோளாறா?

இல்லை, அதுவும் ஆளின் பகுதி. கீத் ஜாரெட் வாசிக்கும்போது முனகுவார், சில சமயம் எழுந்து நின்றேவிடுவார். கனடாவின் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் கூடவே பாடுவார். தன் தந்தை செய்துகொடுத்த குட்டை நாற்காலியைக் கடைசிவரை விடாமல் தூக்கிக்கொண்டு அலைந்தார், அதன் கிறீச்சும் பதிவில் உண்டு. ஜெர்மன் பியானோ கலைஞர் நில்ஸ் ஃப்ராம் ராத்திரியில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வேண்டாமென்று சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே ஃபெல்ட் துணி வைத்து வாசித்தார். சத்தம் குறைந்ததால் மைக்கைக் கம்பிக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டியதாயிற்று, உள்ளே கட்டைகள் நகரும் ஓசையும் மூச்சும் சேர்ந்தே பதிவாயின. 2011இல் வந்த அந்த ஆல்பத்துக்கு 'ஃபெல்ட்' என்றே பெயர்.

ஒரு வட்டைக் கேட்கும்போதெல்லாம் என் அறைக் கதவு எங்கோ லேசாக மோதுகிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்துபோய்ச் சாத்தியும் பார்த்திருக்கிறேன். பிறகுதான் புரிந்தது, பெடலை விடும்போது அடைப்பான்கள் கம்பிமேல் இறங்கும் 'தொம்' அது. இப்போது அந்த 'தொம்' வராவிட்டால் அந்த உருப்படி எனக்கு முடிந்த மாதிரியே இருப்பதில்லை.

ஒரே உருப்படி தொகுப்பில் இரண்டு முறை வருகிறது. அச்சுப் பிழையா?

பெரும்பாலும் வேண்டுமென்றே. வெவ்வேறு வருடப் பதிவுகள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதுதான் தொகுப்பில் கிடைக்கும் பெரிய விருந்து. இதற்குப் பிரபலமான உதாரணம் கூல்ட் வாசித்த, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ். 1955இல், 22 வயதில், சுமார் 38 நிமிடத்தில் முடித்தார். 1981இல், மறைவதற்கு ஒரு வருடம் முன், சுமார் 51 நிமிடம் எடுத்துக்கொண்டார். வயதானதும் மெதுவாகிவிட்டார் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். முதல் பதிவில் திருப்பி வாசிக்க வேண்டிய பகுதிகளை முழுக்க விட்டுவிட்டார், இரண்டாவதில் சிலவற்றை வாசித்தார். அதைக் கழித்துவிட்டு, முகப்பாக வரும் ஆரியாவை மட்டும் இரண்டிலும் கேளுங்கள். அங்கே சந்தேகத்துக்கே இடமில்லை, பின்னது எவ்வளவோ மெதுவானது.

மேடைப் பதிவா, ஸ்டுடியோ பதிவா?

ஜாரெட் 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் வாசித்தது கிட்டத்தட்ட முழுக்க அந்த நேரத்தில் தோன்றியது. கேட்டிருந்த பியானோ வரவில்லை. கிடைத்த சின்ன பியானோவில் மேல் ஸ்தாயி சன்னமாக ஒலித்தது, கீழ் ஸ்தாயியில் முழக்கம் போதவில்லை, பெடலும் சரியில்லை. அதனால் நடுப்பகுதியிலேயே சுற்றிச் சுற்றி, இடது கையில் ஒரே வடிவத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தார். அந்தத் திருப்பலில்தான் எத்தனையோ பேர் மயங்கிக் கிடக்கிறார்கள். ஸ்டுடியோவில் நல்ல பியானோவோடு உட்கார்ந்திருந்தால் இப்படி ஒன்று வந்திருக்காது என்று தோன்றுகிறது. ஆகவே தொகுப்பில் மேடைப் பதிவு ஒன்று இருந்தால், அதன் பியானோ சுமாராக ஒலித்தாலும் தள்ளாதீர்கள்.

ஸ்வரக் குறிப்பு படிக்கத் தெரியாது. கூடவே வரும் கையேட்டைப் படிக்கலாமா?

ஸ்வரக் குறிப்பு தேவையே இல்லை. கையேட்டை ஒருமுறை கேட்டுவிட்டுப் படியுங்கள். ஒரே விதிவிலக்கு தேதிகள், அவற்றை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோவின் '12' என்ற ஆல்பத்தில் உருப்படிகளின் பெயரே தேதிதான், நாட்குறிப்பு மாதிரி. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவே 2021, 2022இல் பதிவு செய்தவை. 2023 ஜனவரியில், அவருடைய 71ஆம் பிறந்தநாளில் வெளிவந்தது. மார்ச்சில் அவர் இல்லை. அவர் மூச்சுவிடும் சத்தம் அதில் தெளிவாகக் கேட்கிறது. தேதி தெரிந்து கேட்பதற்கும் தெரியாமல் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஐரோப்பிய மரபு அந்நியமாகத் தோன்றினால் வேறு யாரைக் கேட்கலாம்?

எமஹோய் செகெ மரியம் கெப்ரு. 1923இல் அடிஸ் அபாபாவில் பிறந்த எத்தியோப்பியத் துறவி. 2023இல் ஜெருசலேமில், 99 வயதில் காலமானார். வெகுகாலம் அதிகம் பேருக்குத் தெரியாமல் இருந்தவரை, 'எத்தியோபிக்ஸ்' என்ற எத்தியோப்பிய இசைத் தொகுப்பு வரிசையில் 2006இல் வந்த 21ஆவது தொகுப்பு உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவருடைய வலது கை எத்தியோப்பியத் தேவாலயப் பாடல்களின் ஐந்து சுர வரிசையில் அலையும். தாளம் நம்மை எதிர்பார்க்கவைத்துவிட்டுத் தாமதமாக வரும், சில சமயம் அவசரமாக முந்திக்கொள்ளும். ராகத்தில் பழகிய காதுக்கு இவர் வழி சுலபம் என்பது என் அனுபவம்.

தொகுப்பில் சில வட்டுகள் பிடிக்கவே இல்லை. கட்டாயப்படுத்திக் கேட்க வேண்டுமா?

வேண்டாம். இன்னொரு வருடம் பார்க்கலாம் என்று ஓரமாக வையுங்கள். என் பெட்டியில் நாலாவது வட்டில் சிந்தசைசர் கலந்த பரிசோதனைகள் இருக்கின்றன, இரண்டு முறை முயன்று பாதியில் நிறுத்திவிட்டேன். ஐந்தாவதோ தேய்ந்து கீறல் விழுந்து, ஒரு இடத்தில் ஓடாமல் நின்றுவிடுகிறது. அந்த இடம் வருவதற்குள் எழுந்துபோய் அடுத்த டிராக்குக்குத் தள்ளிவிட வேண்டும். பெரும்பாலும் மறந்துவிடுகிறேன்.